வீட்டுப் பணக் கணக்கு முழுக்கக் கணவர் கையில்: பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் போதுமா?

வாசற்படி (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட எல்லாமே கணவர் பொறுப்பு. வீட்டுக் கடன் தவணை, மின் கட்டணம், இணையம், பிள்ளைகள் ஃபீஸ், காப்பீட்டு பிரீமியம், வரி என்று எதைக் கேட்டாலும் "கட்டியாச்சு" என்பார், உண்மையிலேயே கட்டியும் இருப்பார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்கு இது சுலபமாக வந்தது, எனக்கு வேறு வேலைகள் இருந்தன, அது அப்படியே பழகிவிட்டது.

சமீபத்தில் அவருக்குத் திடீரென்று வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் கணக்கில் இருந்தது போதவில்லை, சேமிப்பெல்லாம் அவர் கணக்கில். அவர் போன் என் கையில்தான் இருந்தது, திறக்கும் நம்பரும் தெரியும். ஆனால் வங்கிச் செயலி கைரேகை கேட்கிறது, அவரோ உள்ளே மயக்க மருந்தில் இருக்கிறார். சரி என்று 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினேன். ஓடிபி வந்தது, போட்டேன், அடுத்த திரையில் கார்டு நம்பரும் அதன் பின் நம்பரும் கேட்டது. கார்டு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் என் தம்பி ஓடிவந்து கட்டினான். அந்த வாரமே வீட்டு இணையமும் நின்றுபோனது. அது யார் பெயரில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். "இனி இப்படி இருக்கக் கூடாது" என்று நான் சொன்னதும் உடனே வாட்ஸப்பில் எல்லா பாஸ்வேர்டையும் நீளமாக ஒரு பட்டியல் போட்டு அனுப்பிவிட்டார். கூடவே "உன்னுடையதையும் அனுப்பிவிடு, இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. என் சம்பளக் கணக்கிலிருந்துதான் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறேன், எனக்கென்று சின்னச் சின்னதாக வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாலே என்னவோ போல் இருக்கிறது.

இரண்டு கேள்வி. பாஸ்வேர்டுப் பட்டியல் கையில் இருந்தால் அடுத்த முறை சமாளித்துவிட முடியுமா? அப்புறம், என் கணக்கை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள நினைப்பது நியாயம்தானா?

---

கணக்குப்பிள்ளை

வங்கியில் கவுண்டரிலும் உள்ளேயும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அம்மா. உங்களுக்கு நடந்ததைப் போல எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். கையில் பாஸ்புக் இருக்கும், கார்டு இருக்கும், சில சமயம் கணவரின் பின் நம்பர்கூட இருக்கும். கணக்கில் அவர்கள் பெயர் மட்டும் இருக்காது. எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. அவர் பாஸ்வேர்டை வைத்து நீங்கள் உள்ளே போனால் வங்கியைப் பொறுத்தவரை போனது அவர்தான். பாஸ்வேர்டையும் பின்னையும் ஓடிபியையும் யாருக்கும் தரக் கூடாது என்று பெரும்பாலான வங்கிகள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன, அந்த "யாருக்கும்" என்பதில் மனைவியும் அடக்கம். நாளைக்கு ஏதாவது மோசடி நடந்து பணம் போய், நீங்களே பகிர்ந்துகொண்டீர்கள் என்று தெரியவந்தால், இழப்பை உங்கள் தலையில் கட்ட அவர்களுக்கு அது போதும்.

வீட்டுச் செலவுக்கென்று ஒரு கூட்டுக் கணக்கு திறங்கள். அதில் இருவருக்கும் தனித்தனி லாகின், தனித்தனி கார்டு, ஓடிபி அவரவர் போனுக்கு. தவணை, மின்சாரம், இணையம், காப்பீடு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். ஓரிரு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் அதில் கிடக்கட்டும். அவர் படுத்துவிட்டாலும் நீங்கள் படுத்துவிட்டாலும் வீடு ஓடும்.

திறக்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது ஒரு வகை, இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்பது இன்னொரு வகை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மருத்துவமனை வாசலில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இறந்தால் மற்றவர் தொடர்ந்து இயக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டுக் கணக்கில் ஆபத்தும் உண்டு. ஒருவர் கையெழுத்து போதும் என்றால் அந்த ஒருவரே மொத்தத்தையும் எடுத்துவிடலாம், வங்கி ஏன் என்று கேட்காது. ஒருவர் பேரில் உள்ள கடனுக்காகக் கணக்கு முடக்கப்பட்டால் இன்னொருவர் போட்ட பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம். அதனால் எல்லாச் சேமிப்பையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

நாமினியாகப் பெயர் போட்டிருக்கிறார் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகு. அவர் உயிரோடு மயக்கத்தில் இருக்கும்போது நாமினியால் அந்தக் கணக்கிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. அதற்குத்தான் அதிகாரப் பத்திரம், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது. அதிலும், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவு இழந்தாலும் செல்லும் என்று தனியாக எழுதினால்தான் பல இடங்களில் செல்லும். அவர் இறந்தால் அதுவும் அத்தோடு முடிந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் இதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது. கணக்குக்காரர் இறந்த பிறகு அவர் கார்டில் பணம் எடுக்கக் கூடாது, மனைவியாகவே இருந்தாலும். ஈமச் செலவுக்கு எடுத்தது கூடப் பிற்பாடு மற்ற வாரிசுகளோடு தகராறில் போய் முடிந்ததுண்டு.

---

ஒரே பை

இவ்வளவு குழப்பம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு, இரண்டு சம்பளமும் அதில்தான் விழும், யார் வேண்டுமானாலும் எடுப்போம், இதுவரை ஒரு சண்டை இல்லை. என் பின் நம்பர் அவளுக்குத் தெரியும், அவளுடையது எனக்குத் தெரியும். வாழ்க்கையையே பகிர்ந்துகொண்ட பிறகு, அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? தவறாக நினைக்க வேண்டாம் சகோதரி, மனதில் பட்டதைக் கேட்டேன்.

---

தூரத்துமழை

ஒரே பை அவர்களே, உங்கள் வீட்டில் அது ஒத்துவருகிறது என்றால் சந்தோஷம். ஆனால் வாசற்படி மறைப்பதாக எங்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அனுப்புகிறார் என்பது கணவருக்குத் தெரியாது என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். தெரிந்திருப்பது வேறு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு, எந்தத் தேதி, ஏன் இந்த மாதம் கூடுதல் என்று பார்க்கப்படுவது வேறு.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்கா. "உனக்கு எதற்கு இந்தத் தலைவலி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் அங்கேயும் ஆரம்பித்தது. முதலில் அவள் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார், அப்புறம் சம்பளம் அவர் கணக்குக்கே போனது, அப்புறம் அவள் தலைவலி மாத்திரை வாங்கக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், ரசீதோடு. வெளியே வர வேண்டும் என்று அவள் முடிவெடுத்தபோது அவள் பேரில் ஒரு கணக்கில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை. அத்தனை வருடம் வேலைக்குப் போனவள்! வாசற்படியின் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிகிறது, அவரை நான் சந்தேகப்படவும் இல்லை. இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்காகவும் ஆண்களுக்காகவும் எழுதுகிறேன். நம் சம்பளம் விழும் கணக்கின் லாகின் நம்மிடம் இல்லை, கேட்டால் "என் மேல் நம்பிக்கை இல்லையா" என்று கோபம் வருகிறது என்றால், அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

அதே நேரம் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கியது, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டது, கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கி, உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்த பெரிய தொகை, பாதியில் நின்ற காப்பீடு, இதெல்லாம் கட்டாயம் இருவருக்கும் தெரிய வேண்டும். நாளைக்கு இருவர் தலையிலும் வந்து விடியக்கூடிய எதுவும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. நீங்கள் வாங்கிய செருப்பு அந்தப் பட்டியலில் வராது. உங்கள் கணக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும், அப்படி ஒரு கணக்கு இருக்கிறது, எந்த வங்கி, தோராயமாக எவ்வளவு, இது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

---

சாவிக்கொத்து

கணினிப் பாதுகாப்புதான் என் வேலை, அந்தக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வாட்ஸப் பட்டியலை இருவர் போனிலும் அழியுங்கள். அரட்டையின் காப்புப்பிரதி கிளவுடில் ஏறியிருக்கலாம், அதனால் வங்கிப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

வங்கியைக் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி கூட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு, அதாவது மின்சாரம், இணையம், காப்பீட்டு இணையதளம், பள்ளிச் செயலி போன்றவற்றுக்கு, ஒரு பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைக்கும் செயலி, வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கணக்கு, நடுவில் இருவரும் பார்க்கும்படி ஒரு பொதுப் பகுதி. பிட்வார்டன் போன்ற சிலவற்றில் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் அவர் பெட்டகத்தைக் கேட்டு விண்ணப்பிப்பீர்கள், அவர் முன்கூட்டியே வைத்திருக்கும் கெடு முடியும் வரை மறுக்கவில்லை என்றால் திறந்துவிடும். மறுக்கும் நிலையில் இருந்தால் மறுத்துவிடலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே ஒரு பதில்தான்: சாதாரண நாளில் யாரும் யார் கணக்கையும் பார்க்க மாட்டார்கள், ஆபத்து வந்தால் வழி இருக்கும்.

எல்லாரும் மறக்கும் ஒன்று, மின்னஞ்சல். எந்தப் பாஸ்வேர்டு தொலைந்தாலும் புதிதாக அமைக்கும் இணைப்பு அங்கேதான் வரும். அது கையில் இல்லாவிட்டால் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கூகுளில் இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) வைத்திருந்தால் 10 காப்புக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். அச்சடித்து உறையில் போட்டு மூடி வையுங்கள். கூகுளிலேயே, கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று 10 பேர் வரை குறித்து வைக்கலாம், காத்திருப்புக் காலம் 3 மாதம் முதல் 18 மாதம் வரை. ஆப்பிளில் ஐஓஎஸ் 15.2 முதல், நாம் இறந்த பிறகு நம் கணக்கைத் திறக்க ஆள் குறித்து வைக்கும் 'லெகசி காண்டாக்ட்' வசதி இருக்கிறது, 5 பேர் வரை சேர்க்கலாம். அதற்கு ஓர் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் வேண்டும், ஆப்பிளின் பாஸ்வேர்டுப் பெட்டகமான கீசெயினில் சேமித்தவை அதில் வராது. இவை இரண்டுமே காலம் கடந்த பிறகு உதவுபவை. நாளைக்கு ஆபரேஷன் என்றால் கைகொடுக்காது.

அவர் போனில் உங்கள் கைரேகையையும் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்கலாம், ஆனால் புதுக் கைரேகை ஏறியதும் பல வங்கிச் செயலிகள் கைரேகை லாகினையே நிறுத்திவிட்டு மறுபடி பின் நம்பர் கேட்கும். மருத்துவமனையில் நின்றுகொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

---

வாசற்படி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே பை, நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அனுப்புவது அவருக்கு முதலிலிருந்தே தெரியும், பல மாதம் "அனுப்பிட்டியா" என்று அவரே நினைவுபடுத்துவார்.

தூரத்துமழை எழுதியதை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "உன் கணக்கு உன்னோடயே இருக்கட்டும், கூட்டுக் கணக்கு திறந்துடலாம்" என்றார். மனது லேசாகிவிட்டது.

இப்போது அடுத்த பேச்சு. அதில் ஆளுக்கு எவ்வளவு போடுவது? அவர் சம்பளம் என்னுடையதைவிட அதிகம். பாதிப் பாதி போட்டால் எனக்கு மிச்சம் நிற்காது, அவரே முழுக்கப் போடட்டும் என்றால் அது அவர் கணக்கு போல ஆகிவிடும்.

---

தூரத்துமழை

சம்பள விகிதத்தில் போடுங்கள். வீட்டுக்கு வரும் மொத்த வருமானம் 100 என்றால், அதில் அவருடையது 60, உங்களுடையது 40 என்று வையுங்கள். பொதுச் செலவு 50 வந்தால் அவர் 30, நீங்கள் 20. அவருக்கு மிச்சம் 30, உங்களுக்கு 20. இருவரும் தன் வருமானத்தில் சரிபாதியைக் கொடுத்திருக்கிறீர்கள். பாதிப் பாதி என்று 25 போட்டால் உங்களிடம் நிற்பது 15தான், அவரிடமோ 35. சம்பளம் மாறும்போதெல்லாம் விகிதத்தையும் மாற்றுங்கள்.

வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர் வேலைக்குக் கூலி வரவில்லை, அவ்வளவுதான், வேலை செய்யவில்லை என்று ஆகாது. பொதுச் செலவு போக மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு அவர் பேரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். மாதாமாதம் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது.

---

கணக்குப்பிள்ளை

கூட்டுக் கணக்கு திறந்துவிட்டீர்கள் என்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு மாதம் முழுக்க எல்லாக் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், கை வைக்க வேண்டாம். எங்கே தட்டுகிறதோ அந்த இடத்தைக் குறித்து அப்போதே சரிசெய்யுங்கள். வழி இருக்கிறதா இல்லையா என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், பட்டியலைப் பார்த்துத் தெரியாது.

---

வாசற்படி

ஐயா, ஆரம்பித்த அன்றே தட்டியது! காப்பீட்டு இணையதளத்தில் உள்ளே போக முயன்றால் ஓடிபி எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது தெரியுமா? அவர் எப்போதோ விட்டுவிட்டு வந்த பழைய அலுவலகத்தின் முகவரிக்கு. பிரீமியம் மட்டும் தானாகக் கட்டாகிக்கொண்டே இருந்ததால் அவரும் கவனிக்கவே இல்லை. அந்த முகவரியை அவராலேயே இப்போது திறக்க முடியாது. கைபேசி எண்ணும் பழையது. இதற்கு என்ன செய்வது?

---

கணக்குப்பிள்ளை

பயப்பட வேண்டாம், இது ரொம்பச் சாதாரணமாக நடப்பது. பாலிசி எண் பத்திரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் வங்கி ஸ்டேட்மெண்டில் பிரீமியம் பிடித்த வரியில் பெரும்பாலும் இருக்கும். அதையும் அவர் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, பாலிசிதாரரான அவரே நேரில் போய், தொடர்பு விவரம் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். பழைய மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய தேவை இருக்காது. அலுவலக முகவரியை இனி எதற்கும் கொடுக்க வேண்டாம், சொந்த முகவரியைக் கொடுங்கள். போனதோடு நாமினி பெயர் யார் என்று போட்டிருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த பாலிசி என்றால் கல்யாணத்துக்கு முந்தையதாக இருக்கும், உங்கள் பெயர் அதில் இருக்காது.

---

வாசற்படி

கேட்டுவிட்டேன். மாமியார் பெயர்தான் இருக்கிறதாம். இந்த வாரமே போகிறோம், கூடவே மற்ற பாலிசிகளையும் எடுத்துக்கொண்டு.